ஏழாவது வரி

என் பிரிவு விருந்தன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து, "அண்ணை, இத்தனை வருச அனுபவத்தில எங்களுக்கு ஏதாவது சொல்லிப்போட்டுப் போங்கோ" என்று கேட்டீர்கள். நான் சிரிக்கிற கதைகளாகப் பார்த்து நாலைந்து சொன்னேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் அணில் கூடு கட்டியிருந்த கதை. காரை எங்கே நிறுத்தினேன் என்று மறந்துவிட்டுக் களவு போய்விட்டதென்று பொலிசைக் கூப்பிட்ட மனிதரின் கதை. சாப்பாட்டு மேசையில் வேறு எதைச் சொல்ல? ஆனால் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மனம் உறுத்தியது. உங்களுக்கு, முக்கியமாக இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, நான் உண்மையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். இதில் எந்த இடத்திலும் நான் கெட்டிக்காரனாக வரமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் புவாண்ட்-கிளேரில் உங்களோடு வேலை செய்ய வருவதற்கு முன் ரொக்ஸ்பரோ பக்கம் ஒரு கராஜில் பதினெட்டு வருடம் இருந்தேன். ஏன் அங்கிருந்து வந்தேன் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வீடு கிட்ட என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையில் வீடு அந்தக் கராஜுக்குத்தான் கிட்ட.

அது நவம்பர் கடைசி வாரம். அந்த வாரம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பர் பிறப்பதற்குள் எல்லோருக்கும் குளிர்கால ரயர் மாற்றியாக வேண்டும், சட்டம். வாசலில் பன்னிரண்டு கார், டெலிபோன் ஓயாது, முதலாளி கவுண்டருக்கும் காரைத் தூக்குகிற லிஃப்ட்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருப்பார். அந்த நெரிசலில்தான் ரெஜினா வந்தா.

ரெஜினா மட்டக்களப்புப் பெண். நாற்பது வயது இருக்கும். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியசாலையில் பின்னேர ஷிஃப்டில் பெட்டி அடுக்குகிற வேலை. காலையில் புருஷனுக்குச் சாரதி. புருஷன் அன்ரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டு, நாலு மணித்தியாலம் கழித்துக் கூட்டிக்கொண்டு வந்து, சோறு கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவா. இதையெல்லாம் அவ எனக்குச் சொன்னது அழுதுகொண்டு அல்ல, ரயர் வாங்குகிற நேரத்தில் பம்பலாகத்தான். அவ சிரித்தால் கராஜ் முழுக்கக் கேட்கும்.

"அண்ணன், ரயர் மாத்தக்குள்ள பின்னுக்கு ஒரு சத்தம் வருது, அதையும் ஒருக்கா பாருங்க. டக் டக்கெண்டு. இவருக்கு அந்தச் சத்தம் கேட்டா பயமாம்."

பன்னிரண்டு வருடத்துக் கார். பின்பக்கம் சத்தம் போட்டது ஒரு சின்ன இணைப்புக் கம்பி. முனை தேய்ந்து ஆடியது. அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் லைட்டைப் பிடித்து மேலே பார்த்தபோது மற்றதைக் கண்டேன்.

பின் சில்லுகளைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கிற இரும்புச் சட்டம், நாங்கள் சப்ஃபிரேம் என்கிறோமே, அதன் இடது மூலையில் துரு, கறள் மேல் கறள். சில்லைத் தாங்குகிற ஆர்ம் வந்து பூட்டுகிற போல்ட்டைச் சுற்றிச் செதில் செதிலாக வீங்கியிருந்தது. ஸ்குரூ ட்ரைவரை வைத்து மெல்ல அழுத்தினேன். தட்டவில்லை, அழுத்தினேன் மட்டும்தான். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது பழுப்புத் தூள் என் கழுத்துக்குள் கொட்டியது.

பக்கத்து லிஃப்ட்டில் வேலை செய்த ஹெய்ட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் அந்தக் கராஜில் எனக்கும் மூத்தவர். உதட்டைச் சுழித்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

நான் கம்பியூட்டரில் எஸ்டிமேட் அடித்தேன், இங்கே எல்லாம் பிரெஞ்சில்தான். முதலில் வாடிக்கையாளர் சொன்ன குறை, பிறகு அதோடு சேர்ந்தது, பிறகு நாங்கள் கண்டது, அப்படித்தான் எனக்குப் பழக்கம். ஆகவே இணைப்புக் கம்பி இரண்டும் முதல் இரண்டு வரி. பிறகு புஷ், ஷொக், ஸ்பிரிங், பிரேக் குழாய். ஏழாவது வரியில் பிரெஞ்சில் அந்த ஓட்டைச் சட்டம். எட்டாவது ஆர்ம், ஒன்பதாவது சில்லு நேர்படுத்துகிற வேலை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரேயொரு தொகை. நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம், விற்பனை வரி வேறு. அந்தக் காரை விற்றால் மூவாயிரம் கூட வராது.

முதலாளிக்கு ஒரு விதி இருந்தது. "பிரிச்சுச் சொல்லாதை. பிரிச்சால் சனம் மலிஞ்சதை மட்டும்தான் எடுக்கும்." அவர் கெட்ட மனிதர் இல்லை. பிரித்துச் சொல்லி, ஒன்றை மட்டும் செய்து, பிறகு மற்றது உடைந்து, "போன மாதம்தானே உங்களிட்டச் செய்தனான்" என்று சனம் வந்து சண்டை பிடித்துப் பட்டவர்.

ரெஜினா கடதாசியைப் பார்த்தா. சிரிப்பு நின்றுவிட்டது.

"நாலாயிரமா?"

"ஓம். பழைய கார்தானே, எல்லாம் கறள் பிடிச்சிட்டுது."

"இதுக்குள்ள எது கட்டாயம், அண்ணன்?"

இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு மனுஷி நேராக என் முகத்தைப் பார்த்து, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டா. பின்னால் ஒருவர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். முதலாளி அடுத்த காரை ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எல்லாம் கட்டாயம்தான்" என்றேன்.

அவ கடதாசியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. "இவரோட கதைச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, புது ரயரோடு காரை எடுத்துக்கொண்டு போனா. அந்த ரயரைப் பூட்டியது நான். சில்லு நட்டுகளைச் சரியான இறுக்கத்துக்கு இறுக்கிவிட்டு, ஓட்டையான சட்டத்தோடு அந்தக் காரை வீதிக்கு அனுப்பியதும் நான்.

சாப்பாட்டு நேரத்தில் ஹெய்ட்டிக்காரர் கேட்டார், "அந்தப் பெண்ணுக்குச் சொன்னாயா?"

"எழுதியிருக்கிறேன்."

"எழுதினாயா என்று நான் கேட்கவில்லை" என்றார். சாப்பாட்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவவின் டெலிபோன் இலக்கம் எங்களிடம் இருந்தது. டிசம்பரில் ஒருதரம் எடுக்க நினைத்தேன். ஜனவரியில் இன்னொருதரம், இலக்கத்தைத் தேடித் திரையில் கொண்டுவந்தும் விட்டேன். அப்போது ஒருவர் பற்றரி செத்துவிட்டதென்று வந்தார். பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் சொன்னேன். இவ்வளவு நாளும் வரவில்லை என்றால் வேறெங்கோ செய்திருப்பா, இல்லாவிட்டால் காரைக் கழித்திருப்பா. அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததால் நம்பினேன்.

உண்மையில் நடந்தது, நான் பிறகு அறிந்தபடி, இதுதான். ரெஜினாவின் சொந்தக்காரர் ஒருவர் லொங்குய்யில் இருந்தார். வீட்டுக் கராஜில் சின்னச் சின்னத் திருத்த வேலை செய்வார். அவரிடம் காரைக் கொண்டுபோய், சத்தம் வருகிறது என்று சொன்னா. அவர் ஜாக்கை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, ஆடிக்கொண்டிருந்த அந்தக் கம்பிகளை நூற்றறுபது டொலருக்கு மாற்றிக் கொடுத்தார். சத்தம் நின்றுவிட்டது. அவரும் ஏமாற்றவில்லை. கேட்டதைச் செய்தார். நிலத்தில் படுத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு அந்த மூலை தெரியவும் மாட்டாது. ஆனால் ரெஜினாவின் கணக்கில், கராஜில் நாலாயிரம் கேட்ட வேலை நூற்றறுபதோடு முடிந்துவிட்டது. நாங்கள் கொள்ளையர்கள். அப்படி நினைத்ததற்கு அவவை யார் குறை சொல்ல முடியும்? பழுதான கம்பிதான் சத்தம் போட்டது. ஆளைக் கொல்லக்கூடிய சட்டம் ஒரு சத்தமும் போடாமல் இருந்தது.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கிட்ட. வெயில் நாள், வீதி காய்ந்து கிடந்தது. ரெஜினா அன்ரனைக் கூட்டிக்கொண்டு நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் போயிருக்கிறா. வீதியில் ஒரு பள்ளம். பின் இடது சில்லு அதில் விழுந்து எழும்பியபோது ஆர்ம் சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. சில்லு குறுக்கே திரும்பியது. கார் சுழன்று, பக்கத்துப் பாதையில் போன பாரவண்டியின் கீழ் சாரதிப் பக்கமாகப் போய்ச் சொருகியது.

அன்ரனுக்குக் காறையெலும்பு முறிந்தது. வேறொன்றும் இல்லை. ரெஜினா அந்த இடத்திலேயே முடிந்துபோனா.

ஒரு வாரம் கழித்து, திடீர் மரணங்களை விசாரிக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் கராஜுக்கு வந்தா. எங்கள் எஸ்டிமேட்டின் மூலக் கடதாசி, நாலாக மடித்தபடி, காருக்குள் இருந்ததாம். அதன் படத்தைக் காட்டினா. பிய்ந்த சட்டத்தின் படத்தையும் காட்டினா. எனக்கு அந்த இடத்தைத் தெரியும். என் ஸ்குரூ ட்ரைவர் போன ஓட்டை அந்தப் பிளவின் நடுவில் இருந்தது.

முதலாளி கவுண்டருக்கு ஓடினார். கம்பியூட்டரில் தேடி எங்கள் பிரதியை எடுத்தார். விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு வந்து ஏழாவதில் நிறுத்தினார். பெருமூச்சு விட்டார். தமிழில் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார், "கிடக்கு. எழுதிக் கிடக்கு. கடவுள் காப்பாத்தினார்."

அந்தப் பெண் என்னிடம் பிரெஞ்சில் கேட்டா, "இதை வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்தினீர்களா?"

பதில் சொல்ல எனக்கு இரண்டு செக்கன் இருந்தது. முதலாளி என்னைப் பார்க்கவில்லை, கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹெய்ட்டிக்காரர் லிஃப்ட்டுக்குக் கீழே நின்றபடி வேலையை நிறுத்திவிட்டார்.

"ஓம்" என்றேன். "கடதாசியிலும் இருக்கிறது."

அவ அதை எழுதிக்கொண்டா. நன்றி சொல்லிவிட்டுப் போனா. அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த ஆறுதலை நான் மறைக்கப் போவதில்லை. பயத்தில் பொய் சொன்ன மனிதனுக்கு வருகிற ஆறுதல்.  அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மரணச் சடங்கு அடுத்த சனிக்கிழமை. கராஜ் சார்பில் மலர்வளையம் அனுப்பியிருந்தோம். நானும் போனேன். போகாமல் இருந்தால் சனம் கதைக்கும் என்றுதான் போனேன், வேறு நல்ல காரணம் சொல்ல மாட்டேன். அன்ரன் கையைக் கட்டுப்போட்டு முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் மகள் ஷெரின், பதினாலு வயது. அந்தப் பிள்ளை அழவில்லை. யார் தொட்டாலும் தோளை இழுத்துக்கொண்டாள்.

வெளியே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது, ரெஜினாவோடு வேலை செய்த ஒரு மனுஷி இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பிள்ளை பத்து நாளாச் சரியாச் சாப்பிடேல்லை. தான்தானாம் அம்மாவைக் கொன்றது எண்டு சொல்லுதாம்."

"ஏன் அப்பிடிச் சொல்லுது?"

"கராஜ்காரன் குடுத்த கடதாசியைப் பிள்ளைதான் தாய்க்கு வாசிச்சுச் சொன்னதாம். ரெஜினாவுக்குப் பிரெஞ்சு வாசிக்க வராதுதானே. அதுக்குள்ள 'பெர்சோ' எண்டு ஒரு சொல்லு இருந்ததாம். தொட்டிலாம். 'அம்மா, காருக்குப் பின்னால தொட்டில் ஒண்டு இருக்காம், அது ஓட்டையாம்' எண்டு சொல்லித் தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரிச்சவையாம். பேந்து கடதாசியை மடிச்சு வைச்சிட்டினமாம்."

நான் என் கார் வரைக்கும் நடந்தேன். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன். 

உங்களுக்குத் தெரியும். இங்கே கராஜ் பிரெஞ்சில் சப்ஃபிரேமைப் பெர்சோ என்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் அது குழந்தை படுக்கிற தொட்டில். பிள்ளை சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். பிழையாக எழுதியதும் யாரும் இல்லை. ஆனால் அந்த வரியை நான் அடித்தபோது, இது எந்த வீட்டில், எந்த மேசையில், யார் வாசித்து யாருக்குச் சொல்லப் போகிறார்கள் என்று ஒரு கணம் நினைக்கவில்லை. எனக்கும் முதலாளிக்கும் விளங்கினால் போதும் என்று எழுதிய வரி அது.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன், அந்த வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று.

"என்னத்துக்கு?"

"பிள்ளையிட்ட, அது அவளின்ர பிழை இல்லை எண்டு சொல்ல. நான் வாயால ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்ல."

அவர் கவுண்டர்க் கதவைச் சாத்தினார். சத்தம் போடவில்லை. "இஞ்சை பார். நீ அந்த மனுசிக்கு விளங்கப்படுத்தினனி எண்டு சொல்லியாச்சு. இப்ப போய் இல்லையெண்டு சொன்னால் முதலாவது நீ பொய்யன். ரெண்டாவது இன்சூரன்ஸ்காரன் எங்களை உயிரோட விடமாட்டான். இந்தக் கராஜை நம்பி நாலு குடும்பம் இருக்கு. அதில ஒண்டு உன்ரை. செத்தவ திரும்பி வரப்போறாவே?"

"வரமாட்டா."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு. பிள்ளை சின்னன், மறந்துபோகும்."

மற்ற எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி வசனம் மட்டும் இல்லாவிட்டால் நான் ஒருவேளை போயிருக்க மாட்டேன். உங்களுக்கு வீரம் காட்ட இதைச் சொல்லவில்லை. ஒரு சின்ன வசனத்தில் தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் அந்த விசாரணைப் பெண்ணுக்கு டெலிபோன் எடுத்தேன். நான் முன்பு சொன்னது பொய், வாயால் எதையும் விளங்கப்படுத்தவில்லை, எது கட்டாயம் என்று ரெஜினா கேட்டபோதுகூட அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்லவில்லை என்றேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "ஏன் இப்போது சொல்கிறீர்கள்?" என்று கேட்டா.  

அன்று பின்னேரமே ரெஜினாவின் வீட்டுக்குப் போனேன். ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம், இரண்டாம் மாடி. கதவைத் திறந்தது ஷெரின். நான் யார் என்று சொன்னேன். அவள் பின்னால் நகர்ந்து வழி விட்டாள். அன்ரன் சோபாவில் போர்வையோடு இருந்தார். எழும்பவில்லை.

நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "பிள்ளை, அந்தக் கடதாசியை எழுதினது நான். நீ வாசிச்சது சரி. அந்தச் சொல்லுக்கு அகராதியில அதுதான் கருத்து. கராஜ்காரருக்கு மட்டும்தான் அது வேற. அதை நான் உன்ர அம்மாவுக்கு வாயால சொல்லியிருக்க வேணும். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்க வேணும். சொல்லேல்லை. இது என்ர பிழை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தமிழும் பிரெஞ்சுமாகத் தேடித் தேடிக் கதைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அது உடையுமெண்டு?"

"தெரியும். எப்ப எண்டு தெரியாது. உடையுமெண்டு தெரியும்."

"எங்கட டெலிபோன் நம்பர் இருந்துதா?"

"இருந்தது."

"அப்ப ஏன் எடுக்கல்ல?"

எனக்காகக் காத்திராமல் அடுத்ததைக் கேட்டாள்.

"நீங்க சொல்லியிருந்தா அம்மா கேட்டிருப்பாவா?"

இந்த இடத்தில் எனக்கு இரண்டு சுகமான பதில்கள் இருந்தன. கேட்டிருக்க மாட்டா, காசில்லாமல் எப்படியும் ஓடியிருப்பா என்று சொல்லலாம். அது என்னைக் காப்பாற்றும். கட்டாயம் கேட்டிருப்பா என்று சொல்லலாம். அது பிள்ளையைக் காப்பாற்றும் என்று அப்போது தோன்றியது. காரில்லாமல் அன்ரனைக் கிழமைக்கு மூன்று தரம் எப்படிக் கொண்டுபோயிருப்பா? கடன் பட்டிருப்பாவா? எனக்குத் தெரியாது.

"தெரியாது, பிள்ளை" என்றேன். "கேக்கிறதுக்கு அவவுக்கு நான் ஒரு சந்தர்ப்பமும் குடுக்கேல்லை. அது மட்டும் தெரியும்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. பெரிய அழுகை. அன்ரன் தலையைத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்தார்.

"அழுறாள்" என்றார். "அண்டைக்குப் பிறகு இண்டைக்குத்தான் அழுறாள்."

நான் போவதற்குத் திரும்பினேன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணன், நாளண்டைக்கு எனக்கு டயாலிசிஸ். இண்டைக்கு வரைக்கும் சேர்ச் ஆக்கள் கொண்டுபோனவங்க. இனி அவங்களுக்கு ஏலாதாம். நோயாளியளை ஏத்துற பஸ்ஸுக்கு எழுதிப் போட்டிரிக்கம், வர ஒண்டரை மாசமாகுமாம்." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், "என்னை ஆர் கொண்டு போற?"

மன்னித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அந்த மனிதருக்கு இரண்டு நாளில் இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். வீட்டில் நின்ற ஆள் நான்.

"நான் வாறன்" என்றேன்.

முதலாளி அந்த வாரமே என்னை நிறுத்திவிட்டார். நான் அவரோடு வாதாடவில்லை. ஹெய்ட்டிக்காரர் என் கருவிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து காரில் ஏற்ற உதவினார். கையைக் கொடுத்தார்.  விசாரணை அறிக்கை பல மாதம் கழித்து வந்தது. பழுதுபற்றி எழுத்தில் அறிவிக்கப்பட்டிருந்தது, வாய்மொழியாக விளக்கப்படவில்லை என்று ஒரு வரி. யாருக்கும் தண்டனை இல்லை. எனக்கும் இல்லை.

வேலை போன அடுத்த கிழமையே நான் உங்களிடம் வந்துவிட்டேன். வாடிக்கையாளரை நான் லிஃப்ட்டுக்குக் கீழே கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நீங்கள் முணுமுணுப்பீர்கள், நேரம் போகிறது என்று. ஸ்குரூ ட்ரைவரை அவர்களுடைய கையிலேயே கொடுத்து அழுத்தச் சொல்வேன். எஸ்டிமேட்டை இரண்டு கடதாசியாகக் கொடுப்பேன். இது செய்யாமல் வீதிக்குப் போனால் சாவீர்கள், இது பொறுக்கலாம் என்று, அவர்களுக்கு விளங்குகிற பாஷையில் வாயால் சொல்வேன். சிலர் என்னைத் திட்டினார்கள். ஒருவர் தன்னைப் பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறேன் என்று கத்தினார். ஒரு பெண் அங்கேயே நிலத்தில் குந்தியிருந்து அழுதுவிட்டு, காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனா. இரண்டு பேர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்று பின்னேரமும் மறுநாளும் நான் அவர்களுக்கு டெலிபோன் எடுத்தேன். ஒருவர் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லுங்கள். வரிசையில் பன்னிரண்டு கார் நின்றாலும் சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் காத்திருக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிழமைக்கு மூன்று நாள் நான் பிந்தி வந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்ரனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருவேன், மத்தியானம் திரும்பக் கூட்டிக்கொண்டு போவேன். ஒன்றரை மாதம். அவர் பின்சீட்டில்தான் ஏறுவார். நாங்கள் பெரிதாகக் கதைத்ததில்லை. ஒருநாள் மட்டும், சிவப்பு விளக்கில் நின்றபோது, கேட்டார்.

"அவள் கேட்டாளா உங்களிட்ட, எது கட்டாயமெண்டு?"

"கேட்டவ."

"ம்" என்றார். "அவள் எங்க போனாலும் அதைத்தான் கேப்பாள்."

நோயாளர் பஸ் கிடைத்துவிட்ட அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். அவர் உடனே இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார்.

"திங்கக்கிழமையில இருந்து பஸ் வருமாம். இனி நீங்க வரவேணாம், அண்ணன்."

"முடிஞ்சதும் கூட்டிக்கொண்டு போக வாறன்தானே."

"வேணாம். டாக்ஸி பிடிக்கிறன். உங்கட கார் கீழ வந்து நிக்கக்குள்ள பிள்ளை யன்னலுக்குக் கிட்ட வந்து பாக்கிறாள். நீங்க போகும் வரைக்கும் அசையிறாள் இல்ல. இனி அவள் அதைப் பாக்கக் கூடா."

சரி என்றேன். அவர் கதவைத் திறந்து, முறிந்து பொருந்திய தோளைப் பார்த்துப் பார்த்து, மெல்ல இறங்கினார். நான் உதவிக்கு இறங்கப் போனபோது கையைக் காட்டி மறித்தார். கண்ணாடிக் கதவு திறந்து அவரை உள்ளே எடுத்துக்கொண்டது. பின்னால் நின்ற அம்புலன்ஸ் ஹோர்ன் அடிக்கும் வரைக்கும் நான் காரை எடுக்கவில்லை.